நம்பரை மட்டும் வாய்ஸ் மெசேஜ்ல சொல்லாதீங்க ப்ளீஸ்

தினமும் வேலையில உங்களை கடுப்பேத்துற சின்ன விஷயம் எது, அதை எப்படி சமாளிக்கிறீங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு யோசிக்கவே வேணாம், வாய்ஸ் மெசேஜ். அதுலயும் நம்பர் சொல்ற வாய்ஸ் மெசேஜ்.

நான் ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீடு சத்துவாச்சாரி. சரக்கு வெளிய போறதுக்கு முன்னாடி இ-வே பில், அதாவது சரக்கு ஏத்திட்டு போறதுக்கான ஜிஎஸ்டி சீட்டு, ஆன்லைன்ல போடுறது என் வேலை. தெரியாதவங்களுக்கு சொல்றேன், தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குன்னா 1 லட்சத்துக்கு மேல, வெளி மாநிலம்னா 50 ஆயிரத்துக்கு மேல மதிப்பு இருந்தா இந்த பில்லு இல்லாம வண்டி கெளம்பக்கூடாது, பில்லுல ஒரு வண்டி நம்பர் ரோட்ல ஒரு வண்டி நம்பர்னு இருந்தா செக்கிங்ல ஓரங்கட்டிடுவாங்க. வண்டி நம்பரையாவது அப்புறம் மாத்திக்கலாம், சரக்கு அளவு, மதிப்பு தப்பா போச்சுன்னா திருத்தவே முடியாது, 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணிட்டு மொதல்லேர்ந்து போடணும்.

இப்போ எனக்கு வர்ற வாய்ஸ் மெசேஜ் எப்படி இருக்கும்னா, முதல் பாதி முழுக்க தோல் பதப்படுத்துற டிரம் சுத்துற சத்தம், நடுவுல "டேய் அத்த இந்தாண்ட தள்றா"ன்னு யாரையோ திட்டுறது, அப்புறம் "மா, வண்டி வந்துகீதுமா, டிஎன் எழுவத்தி மூணு..." அத்தோட ஒரு லாரி ஹாரன். எழுவத்தி மூணா, இருவத்தி மூணா? வேற ஊர்ல இருக்கறவங்க குத்துமதிப்பா போட்டுடலாம், எங்களால முடியாது. வேலூர் வண்டி 23, ராணிப்பேட்டை வண்டி 73, வாணியம்பாடி பக்கத்து வண்டி 83, மூணுமே எங்க கேட்டுல வந்து நிக்கிற வண்டிங்கதான். இது போக தோலு சதுர அடி கணக்குல விக்கிறதால பீஸ் எவ்ளோ, அடி எவ்ளோன்னு ரெண்டு நம்பர் தனியா வரும், அதுல அறுவதும் இருவதும் ஒரே மாதிரி கேக்கும். திரும்ப கேக்கணும்னா ஹெட்போன் தேடணும், ஸ்பீக்கர்ல போட்டா ஆபீஸ் பூரா திரும்பி பாக்கும்.

அவங்க மேல தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரல. யார்டுல நிக்கிறவங்களுக்கு கை ஈரமா இருக்கும், கிளவுஸ் போட்டிருப்பாங்க, அந்த சின்ன கீபோர்டுல தமிழ்ல டைப் பண்றதுக்குள்ள விடிஞ்சிடும். "வாய்ஸ் அனுப்பாதீங்க, டைப் பண்ணுங்க"ன்னு குரூப்ல பெருசா போடுற மேனேஜருங்கல்லாம் ஒரு நாள் அந்த வெயில்ல நின்னு பாக்கணும், வேலூர் வெயிலு உங்களுக்கே தெரியும்.

அதனால நான் டைப் பண்ணவே சொல்லல. நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன், பேக்கிங் ஸ்லிப்பையும் அதே மாதிரி. அவ்ளோதான். டிரைவருங்களுக்கும் இதுதான் சுலபம், "போட்டோ போட்டுட்டேன்கா"ன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சிது. நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா "நான் அப்படி சொல்லலியே"ங்கற பேச்சுக்கும் இடமில்ல. ஸ்லிப்பு எழுதறவரு கையெழுத்து கோழி கிறுக்கல்தான், ஆனா கிறுக்கலை பெருசு பண்ணி பாக்கலாம், டிரம் சத்தத்த என்ன பண்ண முடியும்?

எங்க சூப்பர்வைசர் பாய் ஒருத்தர், அவருக்கு பேசினாதான் திருப்தி. அவருக்கு கீபோர்டுல இருக்கற மைக்கை காட்டிக் கொடுத்தேன். நெறைய பேரு வாட்ஸ்அப் மைக்கும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டிருக்காங்க, இல்லீங்க. டைப் பண்ற பெட்டியை தொட்டா கீபோர்டு மேல வருது பாருங்க, ஜிபோர்டுன்னா அதுலயே ஒரு மைக் இருக்கும், மொழியில தமிழை சேத்துட்டு அதை அமுக்கி பேசினா நீங்க பேசறது எழுத்தா வந்துடும். இரைச்சல்ல தப்பு தப்பா வரும், ரெண்டடி வெளிய வந்து பேசணும், அனுப்பறதுக்கு முன்னாடி நம்பரை ஒரு வாட்டி படிச்சி பாத்துக்கணும். "அட, நான் பேசறத அப்டியே எழுதுதேமா"ன்னு அவருக்கு ஒரே குஷி, இப்போ நலம் விசாரிக்கறது கூட அதுலதான்.

இன்னொரு எரிச்சல், "எங்க வந்துகினு இருக்கீங்க" போன். ஆம்பூர்லேர்ந்து வர்ற வண்டிய கேட்டா எப்பவும் "பள்ளிகொண்டா டோல் தாண்டிட்டேன்கா"தான், பின்னாடி டீக்கடை பாட்டு கேக்கும். லைவ் லொக்கேஷன் கேக்கலாம், 1 மணி நேரத்துக்கு மட்டும் வெச்சா போதும், ஆனா அதை கட்டாயம் பண்றது எனக்கு புடிக்கல, மனுஷன் டீ குடிக்கட்டுமே. அன்லோடுக்கு ஆளுங்க காத்துட்டிருக்கற அன்னைக்கு மட்டும் கேட்டுக்குவேன்.

அப்புறம் மாசாமாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை கணக்கு, 20ஆம் தேதிக்குள்ள 3பிங்கற வரி கணக்கு தாக்கல் பண்ணணும். அந்த நாள்ல காலைல குரூப்ல ஒரு வரி போட்டுடுவேன், வண்டி நிக்குதுன்னா போன் பண்ணுங்க, மத்ததெல்லாம் 4 மணிக்கு மேலன்னு. எல்லாரும் கேக்க மாட்டாங்க, பாதி பேரு கேட்டாலே பெரிய நிம்மதி.

வீட்டு விஷயத்துல இந்த சட்டமெல்லாம் கெடையாது. எங்கம்மா குடியாத்தத்துலேர்ந்து அனுப்புற வாய்ஸ்ல கோழி கத்தறது, பக்கத்து வீட்டு சண்டை, கொழம்பு கொதிக்கறது எல்லாம் சேந்து வரும், அதை எழுத்துல அனுப்ப சொன்னா நான் என்ன பொண்ணு.

இன்னும் தீராத கேஸ் எங்க ஓனர்தான். வாய்ஸ் தவிர வேற எதுவும் அனுப்ப மாட்டாரு, சம்பளம் குடுக்கற ஆளாண்ட போயி போட்டோ எடுத்து அனுப்புங்கன்னா சொல்ல முடியும்? அவரோடத 1.5 ஸ்பீடுல கேக்கறேன். 2ல வெச்சா கோவமா பேசற மாதிரி இருக்குது.