தள்ளுபடி கொடுத்தால் சரக்கை நிறுத்த முடியுமா?

மன்னார்குடி கடைக்கார அண்ணே, குறுவைப் பணம் கைக்கு வரும் நேரத்தில் கிரைண்டருக்கு 500 ரூபாய் குறைத்ததற்கு, "இனி சரக்கு வராது" என்று கம்பெனிக்காரர் மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். எம்ஆர்பி உச்ச வரம்பு மட்டும்தான். அதற்குக் கீழே விற்பது உங்கள் விருப்பம். இதற்குக் கீழே விற்காதே என்று டீலரைக் கட்டிப்போடுவது 2002 போட்டிச் சட்டத்தில், போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கும் 3(4) பிரிவுக்குள் வரும். டீலர்கள் தள்ளுபடி கொடுப்பதைத் தடுத்ததற்காக 2021-ல் மாருதி சுசுகிக்கே 200 கோடி அபராதம் போட்டது போட்டி ஆணையம். (அவர்கள் அப்பீல் போனது வேறு கதை.)

ஆனால் ஒண்ணு, சந்தையில் போட்டியே கெடுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு கடையின் சண்டை எடுபடாது. கும்பகோணம், திருவாரூர் டீலர்களுக்கும் இதே மிரட்டலா என்று விசாரியுங்கள். போனில் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். "எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது சார்?" என்று வாட்ஸப்பில் அப்பாவியாகக் கேளுங்கள், பட்டியலையே அனுப்பிவிடுவார்கள்.