உப்புத் தண்ணீரும் பங்குனி வெயிலும்: வடசென்னை மாடித் தோட்டக் கேள்வி பதில்

தை முடிந்து பனி விலகியதும் எல்லோருக்கும் செடி வைக்க ஆசை வந்துவிடும். நம் பக்கம் அந்த ஆசைக்குக் கிடைப்பது மாசி, பங்குனி இரண்டே மாதம்தான். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் வேர் பிடித்தது பிழைக்கும், பிடிக்காதது காயும். வந்த கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை, அல்லது தண்ணீர்தான் காரணம் என்று தெரியாமல் கேட்டவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருவொற்றியூர்: அக்கா, மாடியில் ரோஜாவும் பீன்ஸும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இலை ஓரம் தீய்ந்துபோகிறது. போர் தண்ணீர்தான், தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரில் 1800 காட்டுகிறது. உரம் போதவில்லையா?

உரத்தை முதலில் நிறுத்துங்கள் தம்பி. தொட்டியின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அது உப்பு. வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும், உப்பை அங்கேயே விட்டுவிடும். மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உள்ளே போன உப்பு இலை ஓரத்தில் சேர்வதால் அங்குதான் முதலில் கருகும். இதில் உரம் போட்டால் உப்போடு உப்பு.

பாசனத் தண்ணீரில் டிடிஎஸ் 450-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பீன்ஸும் ரோஜாவும் உப்பைத் தாங்காத செடிகள், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள்! அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை ஊற்றுவதுதான் மோசம். மேல்மண் நனையும், அடியில் ஒரு சொட்டு வெளியேறாது, உப்பு உள்ளேயே தங்கும்.

ஒரே வேளை, காலையில், அடித்துளை வழியாகக் கொஞ்சம் வடியும்வரை ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெட்ரோ வாட்டர் பிடித்து, 20 லிட்டர் பைக்கு இரண்டு குடம் வீதம் மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். குடிக்கிற தண்ணீரைச் செடிக்குக் கொட்டுவதா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். லாரிக்குக் காத்திருக்கும் தெருவென்றால் ரோஜா ஆசையை விட்டுவிட்டு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழை வையுங்கள். இவை போர் தண்ணீரையும் கடற்காற்றையும் ஓரளவு தாங்கும்.

கொளத்தூர்: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

வேண்டாம். குடிதண்ணீரிலிருந்து மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது வேறு, அதில் உப்பே கிடையாது. வாளி வைத்துப் பிடியுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: தாத்தா காலத்து வீடு, மெட்ராஸ் தளம். மொட்டை மாடியில் முப்பது பை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

தயவுசெய்து வைக்காதீர்கள் சார். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம் அது. 20 லிட்டர் தொட்டியில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். எடையைக்கூட விடுங்கள், பையின் அடியில் நிற்கும் ஈரம் கசிந்து உத்தரத்தில் இறங்கினால் மரம் உளுத்துப்போகும், மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. முற்றத்திலோ வாசல் ஓரத்திலோ தரையில் வையுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே கூடாது. மத்தியானக் கடற்காற்றுக்குத் தொட்டி தெருவில் விழும், கீழே ஆள் நடக்கிற தெரு.

காசிமேடு: எங்கள் வீட்டில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் புதைத்தேன், மறுநாள் காலையில் செடியே வெளியே கிடக்கிறது!

பெருச்சாளியோ பூனையோ, உங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டது. புதைக்காதீர்கள், மீன் அமிலமாக மாற்றிவிடுங்கள். செதில், குடல், தலை எதுவானாலும் சரி, உப்பு போடாத பச்சை மீனாக இருக்க வேண்டும். கருவாடு அலசிய தண்ணீர் கூடவே கூடாது. கழிவு ஒரு கிலோ என்றால் பொடித்த வெல்லம் ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளியில் பிசைந்து, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மீன் வாடை போய்ப் பழம் புளித்த மாதிரி ஒரு வாசம் வரும். நாற்றம் அடித்தால் வெல்லம் குறைவு என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. கலந்து சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். கீரைக்கும் கத்தரிக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பெரம்பூர்: பூக்கடையில் குண்டுமல்லி குவிகிறது, என் செடியில் இலை மட்டும்தான். அந்த இலையும் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இப்போது கவாத்து செய்யட்டுமா?

மல்லிக்குக் கவாத்து கார்த்திகையில், நவம்பர் கடைசியில் செய்வது. இப்போது ஒட்ட வெட்டினால் இந்தப் பருவத்துப் பூ போய்விடும். ஆனால் மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால், கிளை நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு நல்ல வெயிலில் வையுங்கள். நிழலில் வைத்த மல்லி இலைதான் தரும்.

நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக, அதுவும் இளந்தளிரில் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் காரத்தன்மை ஏறிய மண்ணிலிருந்து செடியால் எடுக்க முடியாது. உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள், மாதம் ஒருமுறை போதும். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார்கள். துரு தண்ணீரில் கரையாது, கையைக் குத்திக்கொள்வதுதான் மிச்சம்.

வியாசர்பாடி: மிளகாய்ச் செடி இலையெல்லாம் சுருண்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி கண்திருஷ்டி என்கிறார்.

பாட்டியிடம் சுருட்டல் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று கேளுங்கள். படகு மாதிரி மேலே மடங்கினால் இலைப்பேன். கவிழ்ந்து கீழே மடங்கினால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகிவிடும், உச்சி வெயிலில் அடித்தாலும் அப்படித்தான். இலை சிறுத்துக் கொத்தாகச் சுருங்கி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து இல்லை, பிடுங்கிப் போடுங்கள்.

எர்ணாவூர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எங்கள் வாசல்வரை வந்தது. அந்த மண்ணில் கீரை போடலாமா அக்கா?

சாப்பிடுகிற எதுவும் அந்த மண்ணில் வேண்டாம் அம்மா. மிக்ஜாம் புயலோடு வந்த எண்ணெய் மேலே தெரியாவிட்டாலும் மண்ணுக்குள் எவ்வளவு தங்கியது என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. கீரை வேண்டுமென்றால் பை வாங்கி, வெளியிலிருந்து செம்மண்ணும் மண்புழு உரமும் கொண்டுவந்து, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். தென்னைநார்த் தூள் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு உண்டு. தரையில் அரளி, செம்பருத்தி இருக்கட்டும்.

மாதவரம்: இப்போது என்ன விதைக்கலாம்? தக்காளி வருமா?

தக்காளி இப்போது விதைத்தால் பூக்கும்போது சித்திரை வெயில். 35 டிகிரிக்கு மேல் போனால் பூ கொட்டும். ஆடிக்கு மேல் பாருங்கள். இப்போது வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சுரை, பீர்க்கு, பாகல் போடலாம். பிஞ்சு வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடுங்கள். பாகல் காலையில் மலரும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம். காலையில் போய் சுரைப் பூவைத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய.

தண்டையார்பேட்டை: கறிவேப்பிலைச் செடியில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்தால் நகருகிறது!

எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும், ஒரு கொத்தை முழுக்க மொட்டையடிக்கும். சின்னச் செடி என்றால் கையால் எடுத்துவிடுங்கள். ஆள் உயர மரம் என்றால் நாலு கொத்து அதற்கும் போகட்டும்.