அலுவலகத்தில் காது கேளாத ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அவரோடு எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது? எழுதிக் காட்டினால் போதாதா?

அன்றாட வேலைக்கு எழுதிக் காட்டினால் போதும். பழகுவதற்குப் போதாது.

என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவள். மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பள்ளி விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் சின்னப் பையனான எனக்குச் சைகை சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பக்கப் பேச்சையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து கதை பேசுவார்கள். மாமா ஏதோ சொல்வார், கூட்டமே குலுங்கிச் சிரிக்கும். அக்கா பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டு என்னவென்று கேட்பாள். "ஒண்ணுமில்லடி, அப்புறம் சொல்றேன்" என்று உதட்டை அசைத்துவிட்டு அவர் கதைப் பக்கம் திரும்பிக்கொள்வார். மிஞ்சிப்போனால் "மாமா பஸ்ஸ விட்டுட்டாராம்" என்று ஒரு வரி கிடைக்கும். எந்த பஸ், கண்டக்டர் என்ன சொன்னார், அத்தை ஏன் மாமாவை முறைத்தார் என்பதெல்லாம் அவளுக்கு வராது. சிரிப்பு இருந்ததே அங்கேதான். இத்தனைக்கும் எல்லாரும் அவள் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். ஆனாலும் பாட்டி நகையைப் பங்கு வைத்ததும் ஊர் வீட்டை விற்றதும் அவளுக்கு முடிந்துபோன செய்தியாகத்தான் வந்து சேர்ந்தன. அதெல்லாம் பேசப்பட்டபோது அவளும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். மெயில் அவருக்கு வந்துவிடும், டீக்கடைப் பேச்சு வராது. யாருக்கு மாற்றல், புது மேலாளர் எப்படி, எந்த ஃபைலை யாரிடம் கொடுத்தால் சீக்கிரம் நகரும் என்பதெல்லாம் நமக்கு அங்கேதான் தெரிகிறது. அவரை முதலில் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் அப்போதே, முழுக்கதையாகச் சொல்லுங்கள். கையாலோ போனில் தட்டியோ எப்படியாவது.

வாயசைவை வைத்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் "பணம்", "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். "பாடு", "மாடு" என்பதும் அப்படித்தான். க, ங எல்லாம் வாய்க்குள் பின்னால் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியாது. பாதி பார்வை, மீதி ஊகம். இடத்தையும் முகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து வரும்போது தலை விண்விண்ணென்று தெறிக்கும் என்பாள் அக்கா. அடர்ந்த மீசை, வாயை மறைக்கும் கை, ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது, நடந்துகொண்டே பேசுவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்தப் பாதியும் போய்விடும். கத்திப் பேசுவது வீண், உதடுதான் கோணும்.

எழுத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். "நேற்று நான் ஆஸ்பத்திரி போய். டாக்டர் இல்லை. நாளை மறுபடி." அக்காவின் வாட்ஸ்அப் செய்திகள் இப்படித்தான் இருக்கும். அவள் பி.காம். முடித்தவள், வங்கிக் கணக்கில் ஒரு பைசா பிசகாதவள். தமிழின் வேற்றுமை உருபும் வினைமுற்றும் நாம் பாடம் படித்துக் கற்றவை அல்ல, தொட்டிலில் கிடக்கும்போதிருந்து கேட்டுக் கேட்டு உள்ளே இறங்கியவை. அந்த வழி அவளுக்குத் திறக்கவே இல்லை. அவளுடைய முதல் மொழி இந்திய சைகை மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு: கேள்விச் சொல் கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும், புருவமும் முகமும் இலக்கணத்தின் பகுதி. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தால் பாதி வாக்கியத்தை விழுங்கியதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சைகை மொழிகளும் முழு மொழிகளே என்று அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்து வில்லியம் ஸ்டோக்கி எழுதியது 1960-இல். அதற்குள் பெரிய சேதம் நடந்து முடிந்திருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் நூறு வருடம் கழித்து, கடல் தாண்டி, அக்கா படித்த பள்ளிவரை நீண்டிருந்தது. வகுப்பில் கை அசைந்தால் விரல் மேல் ஸ்கேல் விழும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரத்தில் பிள்ளைகள் டெஸ்க்குக்கு அடியில் கையால் பேசிக்கொள்வார்கள். விடுதியில் மூத்த அக்காமார்களிடம்தான் அவள் மொழி கற்றாள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடங்கள்! இதை எழுதும்போது எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது.

அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்புக் கருவி வந்த பிறகு சைகை எதற்கு என்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது, நல்லது. ஆனால் பிறவியிலிருந்து கேளாமலே வளர்ந்து பெரியவரான உங்கள் சக ஊழியருக்கு அதனால் பெரிய பயன் இருக்காது. அதை அவரிடம் ஆலோசனையாகச் சொல்லவும் வேண்டாம், ஆயிரம் பேர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி இயற்கையானது என்று நினைப்பவர்களுக்கு நான் மார்த்தாஸ் வினியார்ட் தீவைச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய தீவு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய சில குடும்பங்கள் வழியாகப் பரம்பரைக் கேளாமை அங்கே பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் தீவின் சில்மார்க் ஊரில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். அதனால் ஊரே சைகை பேசியது. காது கேட்கும் மீனவர்கள்கூட ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கையால் பேசிக்கொண்டார்கள். மானுடவியலாளர் நோரா எலன் குரோஸ் பிற்காலத்தில் அங்கிருந்த முதியவர்களிடம் பழைய ஆட்களைப் பற்றி விசாரித்தபோது, இன்னார் நல்ல மீனவர், இன்னார் நல்ல விவசாயி என்றுதான் முதலில் சொன்னார்கள். காது கேளாதவரா என்று தூண்டிக் கேட்டால்தான் அது நினைவுக்கு வந்தது. அங்கே காது கேளாதவர்களுக்குச் செவி திறந்துவிடவில்லை. கேட்பவர்கள் கையைப் பழக்கினார்கள், அவ்வளவுதான். இன்று நம் ஊரில் உதடு படிப்பது, எழுதிக் காட்டுவது, ஊகிப்பது என்று முழுப் பாரமும் அவர்கள் தலையில். நாம் ஒரு "வணக்கம்"கூடக் கற்பதில்லை.

எனவே கற்றுக்கொள்ளுங்கள். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன, எல்லாம் வீடியோவாக, யூடியூபில் இலவசமாக. தேடும்போது "இந்திய" என்று சேர்த்துத் தேடுங்கள். சும்மா தேடினால் அமெரிக்கப் பாடங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். அங்கே எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், நம்முடையது இரண்டு கை. அடிப்படை வந்ததும் அவரிடமே பேசிப் பழகுங்கள், தப்பைத் திருத்துவார். சாப்பாட்டு நேரம் முழுக்க அவரை வாத்தியாராக்கிவிடாதீர்கள், அவரும் சாப்பிட வேண்டும். கூப்பிடத் தோளைத் தொடலாம், அவர் கண்ணில் படும்படி கையசைக்கலாம், மேசையைத் தட்டலாம். பேசும்போது கண்ணை எடுக்காதீர்கள். பாதியில் போனைப் பார்ப்பது, அவர் முன்னால் காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம்.

திடீர்ப் பேச்சுக்குக் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி உதவும், தமிழையும் எழுத்தாக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பிவிடும். ஆகவே கூட்டங்களில் ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் கையைத் தூக்கிவிட்டுப் பேசட்டும்.

முக்கியமான கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் நீங்களே கேளுங்கள். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடியிருக்கிறார், உங்கள் மாதக் கூட்டத்துக்கு முடியாதா? நேரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லாதீர்கள், சக ஊழியரைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றே கேளுங்கள். நீண்ட கூட்டமென்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவரே தொடர்ந்து செய்தால் சோர்ந்துபோவார். பேசப்போகும் விஷயங்களை முந்தின நாளே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்ப்புக் கட்டணம் நிர்வாகத்தின் பொறுப்பு, சக ஊழியரின் சம்பளத்திலிருந்து போகக் கூடாது.