பள்ளத்தில் இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி பதில்

15 வருடமாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு மல்லுக்கட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் என் கார் எதையாவது இடித்துக்கொண்டால், அடியில் படுத்து நானே பார்த்த பிறகுதான் யாரிடமும் கொண்டுபோவேன். பள்ளம், கல், வேகத்தடை, சாலையில் கிடந்த இரும்பு என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோலிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, மூன்று வாரத்துக்கு முன்பு 9 வருடப் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். நேற்று இரவு தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன் இடது சக்கரம் 'டமார்' என்று இறங்கியது. காலையில் பார்த்தால் ரிம்மில் ஒரு கீறல்கூட இல்லை, காற்றும் இறங்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் பார்த்தது ரிம்மின் வெளிமுகத்தை. அங்கே ஸ்போக் எல்லாம் சேர்ந்து தாங்குவதால் சுலபத்தில் வளையாது. உள்பக்க விளிம்பு மெல்லியது, ஸ்போக்கிலிருந்து தள்ளியும் இருக்கிறது. பெரும்பாலும் அடி வாங்குவது அதுதான். நின்றபடி குனிந்து பார்த்தால் அது தெரியாது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். இதே மாதிரி ஒரு இரவு. மறுநாள் டயர் கடையில் காட்டினேன். அவர் காலால் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்ணுமில்ல சார், போங்க" என்றார். நான்கு நாள் கழித்து கார் கழுவும்போது டயருக்கு உள்பக்கமாகக் கையை விட்டேன். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வீக்கம் கையில் தட்டியது. அந்த நான்கு நாளும் நெடுஞ்சாலையில் அதன் மேல்தான் போயிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் லேசாக எழும்பும் அளவுக்கு ஜாக்கி போடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன் மேல் ஒரு சாக்குக்கட்டியை (கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ்) ரிம்மின் உள்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். காருக்கு அடியில் தலையைக் கொண்டுபோகவே வேண்டாம். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ரிம் வட்டமாக இருந்தால் சாக்குக்கட்டி சுற்று முழுக்க ஒரே மாதிரி உரசும், அல்லது எங்குமே உரசாது. ஓரிடத்தில் மட்டும் 'சரக்' என்று வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கே வளைந்திருக்கிறது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றி டயரின் உள்பக்கச் சுவரைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள்.

கேள்வி: என் டயரிலும் வீக்கம் இருக்கிறது, ஆனால் சின்னதுதான். மிதிப்பட்டை (சாலையைத் தொடும் பகுதி) புதுசு மாதிரி இருக்கிறது. ஒட்டுப்போட்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. டயரின் பக்கச்சுவரைப் பிடித்துவைத்திருப்பது ரப்பருக்குள் ஓடும் நூல் அடுக்கு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது அந்த நூல்கள் அறுந்துபோகின்றன. அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான். பக்கச்சுவருக்கு ஒட்டு கிடையாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தால் இன்னொரு தலைவலி. புது டயரில் மிதிப்பட்டை ஆழம் சுமார் 8 மி.மீ. மற்ற மூன்றும் 4 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் சுற்றளவு வேறுபடும். வேகம் வேறுபடுகிறது என்று டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) ஓயாமல் உழைத்துச் சூடாகும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்று உங்கள் காரின் கையேட்டில் பார்த்துவிட்டு, ஒன்றா, இரண்டா, நான்கா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பள்ளம் வருவது தெரிகிறது, விலக இடமில்லை. பிரேக்கை அழுத்திப் பிடிப்பதுதானே சரி?

பதில்: பள்ளத்துக்கு முன்னால் வரைக்கும் சரி. உள்ளே இறங்கும்போது பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும், முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கிவிடும். அடியை வாங்கிக்கொள்ள மிச்சமிருப்பது கொஞ்சம்தான். சக்கரமும் சுற்றாமல் நின்றுபோனால் விளிம்பில் ஏறாது, முட்டும். அதனால் முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, இறங்கும் முன் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 40 கி.மீ.யில் வாங்கும் அடியைவிட 60-இல் வாங்குவது 2.25 மடங்கு. கடைசி நொடியில் குறைத்த 10 கி.மீ.கூட வீண் போகாது.

தண்ணீர் நிற்கும் பள்ளம் என்றால் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி டயருக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: சார், பள்ளத்தில் விழுந்த பிறகு 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. நேராகப் போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியே இருக்கிறது. அலைன்மென்ட் செய்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: இவை இரண்டு வேறு வேறு நோய். குறிப்பிட்ட வேகத்தில் வரும் நடுக்கம் ரிம்மிலோ டயரிலோ இருக்கும் கோணல். அதை அலைன்மென்ட் தீர்க்காது. பேலன்சிங் இயந்திரத்தில் போட்டுச் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வளைந்த ரிம் குதிப்பது கண்ணுக்கே தெரியும். எடைத் துண்டுகளை ஒட்டி நடுக்கத்தை மறைத்து அனுப்பினால் ஏற்காதீர்கள்.

ஸ்டியரிங் கோணலாக நிற்பது டை ராடோ (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை), ஷாக் அப்சார்பரோ வளைந்ததால் இருக்கலாம். அலைன்மென்ட் செய்யும் முன்பே இருந்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் பார்ப்பது கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை. இடது வலது இரண்டுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏதோ வளைந்திருக்கிறது என்று சந்தேகப்படுவேன். வளைந்ததை மாற்றாமல், அட்ஜஸ்ட் செய்யும் போல்ட்டைத் திருகி அச்சுத்தாளில் எண்ணைப் பச்சைக்கு (சரியான அளவுக்கு) கொண்டுவருவது காய்ச்சல்காரருக்கு வைத்த தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்குவது போலத்தான். அப்புறம், "அடித்து நிமிர்த்தித் தருகிறேன்" என்று யாராவது லோயர் ஆர்மைக் கழற்றினால், குறிப்பாக அது அலுமினியமாக இருந்தால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் காரே முன்பு பெரிய பள்ளத்தில் விழுந்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பெயின்ட்டைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் முதலில் டயர் தேதிகளைப் படியுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று டயரில் அந்த எண்ணும் ஒன்றில் மட்டும் 0622 என்றும் இருந்தால், அந்த மூலையில் ஏதோ நடந்திருக்கிறது. வெறும் பங்சராகவும் இருக்கலாம், ஆனால் அந்த மூலையை விட்டுவிடாதீர்கள். ஒரு ரிம்மின் நிறம் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக மின்னுகிறதா? உள்விளிம்பில் வெல்டிங் தழும்பு உண்டா? விரிசல் விழுந்த அலாய் ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

பிறகு காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கேம்பரைச் சரிசெய்ய மையம் தள்ளிய போல்ட் வைத்த கார்களில் அதன் தலையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நடுவில் நிற்க, மறுபக்கம் கடைசி எல்லை வரை திருகப்பட்டிருந்தால், வளைந்த ஒன்றைச் சரிக்கட்ட யாரோ பாடுபட்டிருக்கிறார். விற்பவர் லிஃப்டுக்கு வர மறுத்தால் எனக்கு அதுவே பதில்.

கேள்வி: முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்தியிருக்கிறார். பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி உரசுகிறது.

பதில்: அழகுக்கு நான் எதிரியில்லை. ஆனால் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் போட்டுவிட்டு ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டால், அது எந்நேரமும் பாதி அமுங்கியே இருக்கும். சின்னப் பள்ளத்துக்கே கடைசித் தடுப்பு ரப்பரில் போய் முட்டும். கம்பெனி ஸ்பிரிங்கைத் தேடி மாட்டுங்கள் என்பேன். அதுவரை வேகத்தடையில் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள்.

கேள்வி: போர்ஷே பாக்ஸ்டர் 986 வைத்திருக்கிறேன். கல் தெறித்து ரேடியேட்டர் போகும் என்கிறார்களே?

பதில்: போகும். எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரத் திறப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். அந்தத் திறப்பு ஒரு குப்பைத்தொட்டி. இலை சேரும், ஈரம் தங்கும், உலோகம் அரிக்கும், கடைசியில் ஒரு சின்னக் கல் போதும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கம்பி வலை போட்டுவிடுங்கள்.

லோட்டஸ் எலீஸ் வைத்திருக்கும் நண்பரும் எழுதியிருந்தார். அந்தக் காரின் அலுமினியச் சட்டம் பசையால் ஒட்டியது. பலத்த அடி பட்டால் சஸ்பென்ஷன் பொருத்திய இடங்களைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று அந்தக் கார் தெரிந்தவர் பார்க்க வேண்டும். வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் என்ற பேச்சே எழக் கூடாது, சூட்டில் பசை போய்விடும்.

கேள்வி: சாலையில் கிடந்த இரும்புத் துண்டு அடியில் இடித்தது. ஐந்து நிமிடத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. வீடு பக்கம்தான் என்று ஓட்டிவிட்டேன்...

பதில்: எவ்வளவு பக்கம் என்று எழுதவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. ஆயில் சேம்பர் ஓட்டையாகிவிட்டால் சேம்பரை மட்டும் மாற்றலாம். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் போய் எஞ்சினையே இறக்க வேண்டிவரும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம்கட்டி, உடனே எஞ்சினை அணையுங்கள். இனி அதை ஸ்டார்ட் செய்யாமல், இழுவை வண்டியில் ஏற்றிப் போங்கள்.

கேள்வி: ரிம்மைச் சிறியதாக்கினால் பயன் உண்டா? நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கிண்டல் செய்கிறவர்கள் ரிம் வாங்கித் தருவார்களா? 225/40 ஆர்18 டயரின் (18 அங்குல ரிம்முக்கானது) பக்கச்சுவர் 90 மி.மீ. உயரம். 225/45 ஆர்17 (17 அங்குலம்) என்றால் 101 மி.மீ. மொத்த விட்டத்தில் வித்தியாசம் 3 மி.மீ.கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் கெடாது. ஆனால் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே 11 மி.மீ. மெத்தை கூடுதல். பிரேக் காலிப்பர் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) ரிம்மில் இடிக்கிறதா என்று மட்டும் முதலில் மாட்டிப் பாருங்கள். என் கார் இப்போது 17-இல்தான் ஓடுகிறது. காற்றையும் மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் எந்த மெத்தையும் உதவாது.

கேள்வி: இன்சூரன்ஸுக்கோ சாலைத் துறைக்கோ கேட்க என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: விதி ஊருக்கு ஊர், பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்களுடையதைப் படியுங்கள். படங்களை மட்டும் அன்றே எடுத்துவிடுங்கள். பள்ளத்தின் பக்கத்தில் செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். வண்டி வராத நேரத்தில்தான். அடுத்த வாரம் போனால் பள்ளத்தை மூடியிருப்பார்கள்.

கேள்வி: அண்ணா, எம்எக்ஸ்-5காரன் மறுபடி. சாக்குக்கட்டி வைத்துப் பார்த்தேன். முன் இடது ரிம்மில் ஓரிடத்தில் கோடு விழுந்தது, டயரில் வீக்கம் இல்லை. சும்மா இருக்கட்டும் என்று மற்றவற்றையும் பார்த்தேன். பின் வலது ரிம்மிலும் விழுகிறது! அந்தப் பக்கம் நான் எதிலும் விழவே இல்லையே?

பதில்: நீங்கள் விழவில்லை, காரை உங்களுக்கு விற்றவர் விழுந்திருக்கிறார். அந்த டயரின் தேதி எண்ணை மற்ற மூன்றோடு ஒப்பிட்டு எழுதுங்கள். ரிம்மை நிமிர்த்தக் கொடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். நிமிர்த்திய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டயரை மாட்டச் சொல்லுங்கள்.