சி.எம்.டி. உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி: கேள்வி பதில்

சார்கோ-மேரி-டூத் நோயை 1886-இல் அந்தப் பெயர்களுக்குரிய மூன்று மருத்துவர்கள் விவரித்தார்கள். சுருக்கமாக சி.எம்.டி. என்கிறோம். ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரை நரம்பு நோய் இது. எனக்கும் இருக்கிறது, என் அப்பாவுக்கும் இருந்தது. நான் மருத்துவர் அல்ல. பிசியோதெரபிஸ்டிடம் கற்று, பல ஆண்டுகள் செய்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, உடற்பயிற்சி செய்தால் தசை இன்னும் வேகமாகத் தேயும் என்று உறவினர்கள் என் தம்பியைத் தடுக்கிறார்கள். உண்மையா?

இதே பயத்தில்தான் நானும் முப்பது வயதுவரை நாற்காலியை விட்டு எழாமல் இருந்தேன். அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சில நோயாளிகளுக்கு அதிகம் புழங்கும் வலது கை, இடது கையைவிட வலுவிழந்திருந்ததைப் பார்த்து, உழைப்பே தசையைக் கெடுக்கிறது என்ற ஐயம் எழுந்தது. பின்னர் கவனமாக அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. மாறாக, 24 வாரம் எடை வைத்துப் பயிற்சி செய்தவர்களின் முழங்காலை நீட்டும் வலு கூடியதாக 1995-இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது.

உங்கள் தம்பியின் பலவீனத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று நரம்பு கொடுத்தது, இன்னொன்று சும்மா இருந்ததால் வந்தது. முதலாவதை இன்று நம்மால் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும். தடுப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பாதம்தான் தொங்குகிறது. பாதத்துக்கு மட்டும் பயிற்சி செய்தால் போதாதா?

போதாது. இந்த நோய் நீளமான நரம்புகளை முதலில் பிடிக்கிறது. அதனால் பாதமும் முன்காலும் முதலில் போகும், பிறகு கைவிரல்கள். தொடையும் இடுப்பும் பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். தொங்கும் பாதம் தரையில் இடறாமல் காலை உயர்த்துவது இடுப்புத் தசைதான். அது களைத்த நேரத்தில்தான் விழுகிறோம்.

என் அடிப்படைப் பயிற்சி ஒரு நாற்காலிதான். அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஷூவும் கணுக்கால் தாங்கியும் அணிந்துகொள்ளுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். உட்காரும்போது நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். கடைசி இரண்டு அங்குலத்தில் தொப்பென்று விழத் தோன்றும். அந்த இரண்டு அங்குலத்தில்தான் தொடை உண்மையில் உழைக்கிறது. எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

கெண்டைக்காலைத் தினமும் நீட்டிவிடுங்கள். குதிகாலின் பின்னால் இருக்கும் தசைநாண் இறுகிவிட்டால் பாதத்தை மேலே தூக்க இடமே இருக்காது.

அளவு மீறிவிட்டோம் என்று எப்படித் தெரியும்?

அன்று தெரியாது, அதுதான் சிக்கல். அடுத்த இரண்டு நாள்களைப் பாருங்கள். 48 மணி நேரம் கழித்தும் வலியோ அசதியோ நீடித்தால், அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். உற்சாகத்தில் ஒருநாள் மாடிப்படி இருபது தடவை ஏறினேன். மறுநாள் ஒரு கால் செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்திருக்கிறேன். பழைய நடை திரும்ப நான்கு நாள் ஆனது. உணர்ச்சி குறைந்த பாதம் புண்ணையும் சொல்லாது. பயிற்சி முடிந்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள்.

என் மகனுக்கு டுஷேன் தசைச் சிதைவு. அவனும் இதையே செய்யலாமா?

வேண்டாம் அம்மா. இரண்டும் பரம்பரை நோய்தான், கால்கள் தளர்வதும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எங்களுக்குக் கெடுவது நரம்பு. உங்கள் மகனுக்கு டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசை நாரின் உறையே எளிதில் கிழிகிறது. எடை தூக்குவதும், பாரத்தோடு மெல்ல இறங்கும் அசைவுகளும் அவனுக்குத் தீங்கு. நான் மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியும் அதில் அடங்கும். நீந்துவது நல்லது, களைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். விளையாடிய பிறகு சிறுநீர் கருத்துப் போனால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயிற்சித் திட்டத்தை அவனைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும்.

ஒன்பது வயது மகளுக்கு சி.எம்.டி. இப்போதே தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் 6 முதல் 17 வயதுவரையுள்ள 60 பிள்ளைகளிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதத்தைத் தூக்கும் தசைக்கு வாரம் மூன்று முறை, ஆறு மாதம் பயிற்சி. இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது, பெயருக்குப் பயிற்சி செய்த பிள்ளைகளைவிட இவர்களுக்கு வலு குறைந்தது குறைவு, தீங்கும் இல்லை. எடையைப் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் மட்டும் விலக்குக் கேளுங்கள், விளையாட்டு வகுப்பிலிருந்தே விலக்கிவிடாதீர்கள்.

வைட்டமின் சி சாப்பிட்டால் குணமாகும் என்கிறார்களே?

சி.எம்.டி. 1ஏ வகைக்குப் பெரிய அளவில் சோதித்தார்கள், பயன் இல்லை. அதைவிட முக்கியமானது, வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நம் நரம்புகளைக் கடுமையாகத் தாக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சி.எம்.டி. இருப்பதைச் சொல்லுங்கள்.

எனக்கு 67 வயது. இனிமேல் தொடங்கி என்ன ஆகப் போகிறது?

ஐயா, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று நாளைக் காலை எண்ணிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு. ஒன்றுகூட முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். அந்த எண்ணை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த எண்ணை எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.