ஓப்ரீயின் சைக்கிள்: கேள்விகளுக்குப் பதில்

வாஷிங் மெஷின் பேரிங் போட்டுத் தானே செய்த சைக்கிளில் ஒரு மணி நேர உலக சாதனை படைத்த ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் கிரீம் ஓப்ரீ பற்றிப் போன வாரம் சும்மா ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை.

கேள்வி: ஒரு மணி நேர சாதனை என்கிறீர்களே, எதிரில் ஓட்டுவது யார் சார்?

யாரும் இல்லை, கடிகாரம் மட்டும்தான். சைக்கிள் பந்தயக் களத்தில் தனியாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும், எவ்வளவு தூரம் போகிறோம் என்பதுதான் கணக்கு. அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கால் ஓய முடியாது. 1984-ல் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ சிட்டியில் ஓட்டிய 51.151 கி.மீ. ஒன்பது வருஷம் அசையாமல் நின்றது.

கேள்வி: வாஷிங் மெஷின் பேரிங் கதை நிஜமா?

நிஜம்தான். ஆனால் அதையே பேசிக்கொண்டிருந்தால் விஷயம் நழுவிவிடும். முழங்கால்கள் நெருங்கியிருந்தால் காற்று குறைவாகத் தடுக்கும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பெடல் அச்சு குறுகலாக இருக்க வேண்டும். கைக்கு அகப்பட்டது பழைய வாஷிங் மெஷினின் பேரிங். முழங்கால் இடிக்கும் என்று சட்டத்தின் மேல் குழாயையும் எடுத்துவிட்டார். இப்படிப் பிறந்ததுதான் 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்ற அவர் சைக்கிள்.

உண்மையான வித்தை அவர் உட்கார்ந்த விதத்தில் இருக்கிறது. கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொள்வார். 50 கி.மீ. வேகத்தில் உங்கள் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். ஓப்ரீ உடம்பையே சின்னதாக்கிக்கொண்டார்.

கேள்வி: அடுத்தடுத்த நாளில் இரண்டு முறை ஓட்டினாராமே, கால் தாங்குமா அண்ணா?

தாங்காது. 1993 ஜூலை 16, நார்வேயின் ஹாமர் நகரில் முதல் முயற்சி தோற்றது. மறுநாள் காலையே மறுபடி ஓட்டுகிறேன் என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கினால் தசை இறுகிவிடும். அதனால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். மூத்திரம் முட்டி எழும்போதெல்லாம் காலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி படுத்தார். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம், இதை அணைக்க முடியாதே!

முதல் நாள் ஓட்டியது அவர் சைக்கிளைப் பார்த்துச் செய்த புதுப் பிரதி. மறுநாள் பழையதையே எடுத்தார். 51.596 கி.மீ. மோசரைவிட 445 மீட்டர் அதிகம், அந்த 250 மீட்டர் களத்தில் இரண்டு சுற்றுகூட இல்லை.

கேள்வி: அந்தச் சாதனை ஒரு வாரம்கூட நிற்கவில்லையே?

ஆறு நாள். பிரான்ஸின் போர்டோவில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமன் 52.270 ஓட்டினார். ஆனால் அடுத்த மாதமே உலகப் போட்டியின் தனிநபர் துரத்தல் (இருவர் களத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்தும் பந்தயம்) அரையிறுதியில் ஓப்ரீ அவரைத் தோற்கடித்துத் தங்கமும் வாங்கினார். 1994 ஏப்ரலில் அதே போர்டோவில் 52.713 ஓட்டிச் சாதனையையும் மீட்டார்.

கேள்வி: விதி எல்லாருக்கும் பொது. அவர் உட்காரும் முறையைத் தடை செய்ததில் என்ன தப்பு?

செய்த விதம் தப்பு என்பேன். 1994 உலகப் போட்டி, இத்தாலி. அந்த உட்காரும் முறைக்குத் தடை என்பது ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்புதான் அவருக்குத் தெரிந்தது. மாற்ற மறுத்தார், தகுதி நீக்கினார்கள். சரி என்று கைகளை முன்னால் நீட்டி ஓட்டும் 'சூப்பர்மேன்' முறையோடு வந்து 1995-ல் பொகோட்டாவில் மறுபடி உலக சாம்பியன் ஆனார். அதே முறையில் போர்டுமன் 1996-ல் 56.375 ஓட்டினார். பிறகு அதற்கும் தடை. அந்தத் தூரத்தை 2022-ல்தான் இத்தாலியின் பிலிப்போ கன்னா தாண்டினார், 56.792.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்தார், ஒரு பந்தயமும் ஓட்டாமல் வெளியே வந்தார். இருமுனைக் கோளாறு (பைபோலார்) என்ற மனநோய் அவரைப் பல வருஷம் வாட்டியது. உயிரை விடவும் முயன்றார், அதை ஒளிக்காமல் பேசுகிறார். 2013-ல் அமெரிக்காவின் நெவாடாவில், குப்புறப் படுத்துத் தலை முன்னால் இருக்க ஓட்டும் வண்டியில் மணிக்கு 56.62 மைல், அதாவது சுமார் 91 கி.மீ. தொட்டார். இதுவும் அவரே செய்ததுதான். இந்த முறை கைக்கு அகப்பட்டது சமையலறைப் பாத்திரம்.