எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) சக்கரத்தை வீட்டிலேயே டியூப்லெஸ் ஆக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது பழைய 26 அங்குல எம்.டி.பி. டியூப்லெஸ் ரிம் இல்லை. டேப் ஒட்டி, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றினால் போதும் என்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: முதலில் டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்போக் நிப்பிள்களின் (கம்பிகளை ரிம்மோடு பிடிக்கும் சிறு நட்டுகளின்) தலை அங்கேயே துருத்திக்கொண்டு நின்றால் அது சிங்கிள் வால் (ஒற்றைச் சுவர்) ரிம். எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் அந்தத் தலைகள் குத்திக் கிழித்துவிடும், விட்டுவிடுங்கள். துளைகள் மட்டும் தெரிந்து, நிப்பிள் அதற்குள் ஆழத்தில் இருந்தால் டபுள் வால் (இரட்டைச் சுவர்). அதில் செய்யலாம்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. டியூப்லெஸ் ரிம்மில் நடுப்பள்ளத்துக்கும் டயர் பீட் (டயரின் கெட்டியான உள் ஓரம்) உட்காரும் இடத்துக்கும் இடையே சிறு மேடு இருக்கும். பீட் உள்ளே நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். பழைய ரிம்மில் அது கிடையாது. அதனால் காற்றைக் குறைத்துக்கொண்டு வேகமாக வளைத்தால் டயர் ஒரு நொடி விலகி, புஸ்ஸென்று காற்றைக் கக்கும். டேப்பைக் கூடுதலாகச் சுற்றிப் பீட்டை இறுக்கமாக உட்காரவைப்பதே இதற்கு மருந்து. சீலன்ட் இதைச் சரி செய்யாது. வீட்டில் செய்து தோற்றவர்கள் பெரும்பாலும் சீலன்டைத் திட்டுவார்கள். கோளாறு டேப்பில்தான் இருக்கும்.

கேள்வி: எந்த டேப்? கறுப்பு இன்சுலேஷன் டேப் சரிவருமா?

பதில்: வராது. அது இழுபடும், சூட்டில் பசை வழுக்கும். டியூப்லெஸ் ரிம் டேப் வாங்குங்கள். அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பிடிக்கும்.

பழைய பசையைச் சுரண்டி, ரிம்மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வால்வுத் துளைக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டினால்தான் நடுப்பள்ளத்தில் படியும். இரண்டு சுற்று முடிந்து, தொடங்கிய இடத்தையும் வால்வுத் துளையையும் தாண்டிய பிறகே வெட்டுங்கள். குமிழ்களைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளி எடுங்கள். வால்வுத் துளையைக் கத்தியால் கீறக்கூடாது, கீறல் நீண்டுகொண்டே போகும். சூடாக்கிய ஆணியால் குத்துங்கள், விளிம்பு உருகி மூடிக்கொள்ளும். பிறகு டியூபோடு டயரைப் போட்டு 35 பி.எஸ்.ஐ. ஏற்றி ஓர் இரவு வையுங்கள். டியூபின் அழுத்தத்தில் டேப் முழுசாக ஒட்டிவிடும்.

கேள்வி: அண்ணா, டேப் எங்க ஊர்ல கிடைக்கல. டியூபை வெட்டிப் போடுற முறை ஒண்ணு இருக்காமே?

பதில்: இருக்கிறது தம்பி. மேடில்லாத ரிம்முக்கு டேப்பைவிட இதுவே மேல் என்பேன். 26 அங்குல ரிம்முக்கு 20 அங்குல டியூப் வாங்கு, 27.5, 29 என்றால் 24 அங்குலம். சின்ன டியூப் ரிம்மில் இழுத்து உட்காரும் என்பதால் மடிப்பு விழாது. கார், பைக்கில் வரும் ஷ்ரேடர் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்கு. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. துளைதான் ரிம்மில் இருந்தால், பிரெஸ்டா டியூபே எடு. துளையைப் பெரிதாக்கினால் குறுகலான ரிம் பலவீனமாகும்.

டியூபை ரிம்மில் மாட்டி லேசாகக் காற்றேற்று. வால்வுக்கு நேர் எதிரே, வெளிவளைவின் நடுக்கோட்டில் கத்தரியால் சுற்றிலும் வெட்டு. இரு பக்கமும் விரித்து ரிம்முக்கு வெளியே தொங்கவிடு. டியூபுக்குள் இருக்கும் மாவுப்பொடியைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் பீட்டோரம் கசியும். அதன்மேல் டயரைப் போட்டு, பீட் ஏறிய பிறகு தொங்குவதை ரிம்மை ஒட்டி நறுக்கலாம். எடை கொஞ்சம் கூடும். டயரைக் கழற்றினால் பெரும்பாலும் புது டியூப் வேண்டும்.

கேள்வி: பம்பு அடித்தால் காற்று நிற்கவே மாட்டேன் என்கிறது. பீட் ஏறவில்லை.

பதில்: வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காற்று மொத்தமாகப் போகும். இரண்டு பீட்டுக்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மடித்து வைத்திருந்த டயர் என்றால் முதலில் டியூபோடு ஒரு நாள் ஏற்றி வைத்து, பிறகு ஒரு பக்கப் பீட்டை மட்டும் விடுவித்து டியூபை உருவுங்கள். பாதி வேலை முடிந்தது. அதற்கும் மசியாவிட்டால் பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர். 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக வேண்டாம். தீப்பற்றும் ஸ்பிரேயை உள்ளே அடித்துக் கொளுத்தும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கை, கண் பத்திரம்.

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம். இங்கே ரப்பர் பால் தாராளம். அதையே சீலன்டாக ஊற்றலாமா?

பதில்: மரத்திலிருந்து வடித்த பாலை அப்படியே ஊற்றினால் சில மணி நேரத்தில் டயருக்குள் ரப்பர் கட்டிதான் கிடைக்கும். அம்மோனியா சேர்த்துச் செறிவாக்கிய, 60 சதவீதம் ரப்பர் உள்ள சென்ட்ரிஃபியூஜ்டு லேடெக்ஸ் வேண்டும். அதில் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பங்கு, புரோப்பிலீன் கிளைகால் ஒரு பங்கு. கிளைகால் சீக்கிரம் காயாமல் பார்த்துக்கொள்ளும். போர்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் பாலைத் திரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சரி. பக்கத்திலேயே இருக்கும் பேட்டரி ஆசிட்டை எடுத்துவிடாதீர்கள், ஒரு சொட்டிலேயே திரிந்துவிடும். கார் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருப்பதால் சிந்தினால் நாய் நக்கும், நக்கினால் சாகும். அது வேண்டாம். பெரிய துளை அடைபட, கைவேலைப்பாட்டுக்கான மினுக்குப் பொடி (கிளிட்டர்) அரைத் தேக்கரண்டி கலக்கலாம்.

கலவையை வடிகட்டி, 26 அங்குலத்துக்கு 80 மி.லி., 29க்கு 110 மி.லி. ஊற்றுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லாவிட்டால் மறுபடி ஊற்றுங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் காற்றில்லை. நிப்பிள் ஒன்றில் சோப்பு நுரை வருகிறது. அந்த இடத்தில் மட்டும் டேப் ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. ரிம்மின் உட்கூடு முழுவதும் ஒரே குழாய். டேப் எங்கே கிழிந்திருந்தாலும் காற்று சுற்றிவந்து எளிதான நிப்பிள் வழியே வெளியேறும். முதலில் வால்வின் அடியைச் சோதியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது சரியாக இருந்தால் டேப் முழுவதையும் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.

நுரை டயரின் பக்கச் சுவரில் வந்தால் பயமில்லை. சக்கரத்தைக் குலுக்கி, வாளிமேல் படுக்கவைத்து, அரை மணிக்கொருமுறை திருப்பிப் போடுங்கள். இரண்டு நாளில் அடைபடும்.

கேள்வி: எவ்வளவு காற்று வைப்பது?

பதில்: உங்கள் எடையைப் பவுண்டில் எடுத்து ஏழால் வகுங்கள். முன்னால் அதைவிட ஒன்று குறைவு, பின்னால் இரண்டு கூடுதல். 70 கிலோ என்றால் 154 பவுண்டு; முன் 21, பின் 24 பி.எஸ்.ஐ. இது டியூப்லெஸ் ரிம்முக்கு. உங்களுடையது பழைய ரிம் என்றால் இரண்டிலும் நான்கைக் கூட்டித் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் நெருஞ்சி முள் அதிகம். டியூப்லெஸ் போட்டபின் ஸ்பேர் டியூப் தேவையா?

பதில்: நெருஞ்சிக்கு டியூப்லெஸ் போல எதுவும் இல்லை. குத்தியதைப் பிடுங்கிவிட்டு அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தை வையுங்கள், அடைத்துக்கொள்ளும். 4 மி.மீ. தாண்டிய ஓட்டைக்கு பஞ்சர் கடையின் பிளக் திரியை நீளவாக்கில் பாதியாகப் பிரித்துச் செருகலாம். பக்கச் சுவர் கிழிந்தால் டியூப் தவிர வழியில்லை, அதனால் ஒன்று பையில் இருக்கட்டும். அதைப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். இத்தனை மாதமும் சீலன்ட் அடைத்து வைத்திருந்த முள் முனைகள் அத்தனையும் அங்கேதான் இருக்கும்; ஒன்றை விட்டாலும் புது டியூப் போச்சு.